போர்ப்படங்களிற் பின்னணியுரை

பாரதப் போர் நிகழ்ந்த காலத்து, அத்தினாபுரத்து அரண்மனையில் இருந்த திருதராட்டிரனுக்குக் கண்ணில்லை. குருச்சேத்திரத்தில் நிகழ்ந்தவற்றைச் சஞ்சயன் எடுத்துரைக்க, அவன் செவியாற் கண்டான். காணாதவனுக்குச் சொல்லே கண்ணாயிற்று. திரைப்படத்தின் நிலை இதற்கு மறுதலையானது. பார்வையாளருக்குக் கண் உண்டு. களமும் அவர் முன்னே விரிகின்றது. குண்டு வீழ்வதும் வீடு எரிவதும் மனிதன் மாய்வதும் காட்சியாகவே கிடைக்கின்றன. அவ்வாறிருக்க, திரையில் முகங்காட்டாத ஒருவருடைய குரல் இடைபுகுந்து பேசவேண்டிய காரணம் யாது? போர்ப்படங்களைப் பார்ப்போர் பெரும்பாலும் எழுப்பாத இவ்வினாவே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

காட்சியில் நிகழும் உரையாடலுக்குப் புறத்தே நின்று, பார்வையாளரை நோக்கிப் பேசும் குரலைப் பின்னணியுரை என்று இக்கட்டுரையில் வழங்குவோம். திறனாய்வாளருட் சிலர் இதனை ஒரு குறைபாடாகவே கருதுவர். காட்சியாற் காட்ட இயலாத இயக்குநரே சொல்லைத் துணைக்கழைக்கின்றார் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையில் ஓரளவு உண்மை உண்டு. திரையில் மழை பெய்யும்போது மழை பெய்கின்றது என்று கூறும் குரல் வேண்டப்படுவதன்று. எனினும், குரல் ஒன்று இருப்பதனாலேயே படம் தாழ்ந்துவிடும் என்பது பொருந்தாது. கூறுவார் யாவர், கேட்பார் யாவர், எக்காலத்தில் நின்று கூறுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என்பவற்றை வைத்தே அதன் தகுதியை அளத்தல் வேண்டும்.

இவ்வளவுகோல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலிலே செய்யுளுக்குரிய உறுப்புக்கள் முப்பத்து நான்கென வகுத்தார். அவற்றுட் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பனவும் அடங்கும். இன்னார் இன்னாருக்கு இவ்விடத்து இதனைக் கூறினார் என்று கற்போன் உய்த்துணருமாறு அமைவது முன்னம். சொல்லி முடிக்காது, கேட்போனே நிரப்பிக்கொள்ளுமாறு விடுவது எச்சம். அகத்திணைப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியன் முதலில் இஃது யார் கூற்று என்று மாணவரை வினாவுவான். அதே வினாவைத் திரையரங்கிலும் எழுப்பினால் போர்ப்படங்களின் உண்மை இயல்பு தெற்றென விளங்கும்.

கலிங்கத்துப்பரணி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. முதற் குலோத்துங்கன் காலத்துக் கருணாகரத் தொண்டைமான் நிகழ்த்திய கலிங்கப் போரைப் பாடவந்த சயங்கொண்டார், அப்போரைத் தம் வாக்காகக் கூறவில்லை. களத்திலிருந்து வந்த பேயொன்று காளிக்குக் கூறுவதாக அமைத்தார். கேட்டிருப்பன பசியால் வாடிய பேய்க்கணங்கள். பிணம் அவற்றுக்கு உணவு. ஆகவே போர்ச்செய்தி அவற்றுக்கு விருந்துச் செய்தி. அக்கூற்றில் ததும்பும் களிப்புக்குக் காரணம் கூறுவோரின் பசியே என்பதைப் புலவர் மறைக்கவில்லை. கேட்கும் நாமும் அப்பசியை அறிந்துகொண்டே கேட்கின்றோம். வெற்றியைப் பாடும் நூலாயினும், வெற்றியைச் சுவைப்போர் எவர் என்பதைக் காட்டி விட்டமையால், கூற்று நேர்மையுடையதாகின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செய்திப்படங்களின் குரலை இதனோடு ஒப்பிடுக. இந்தியாவிலே 1943ஆம் ஆண்டு அரசாங்கத்தின் செய்திப்பட நிறுவனம் தொடங்கப்பெற்றது. 'இந்தியன் நியூஸ் பரேட்' என்னும் அதன் செய்திப்படங்கள் ஆங்கிலம், இந்துஸ்தானி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் உரை சேர்த்து வெளியிடப்பட்டன. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அரசு ஏற்ற படங்களைத் திரையரங்கினர் கட்டாயமாகக் காட்டவேண்டியவராயினர். இத்தகைய படங்களிற் பேசும் குரலுக்கு ஊரில்லை, வயதில்லை, பசியில்லை. எல்லாக் களங்களையும் ஒருங்கே காணும் வல்லமை அதற்குண்டு. ஆனால் அஃது எங்கே நிற்கின்றது என்பதை எவரும் அறியார். பரணியின் பேய் தன் பசியைச் சொல்லிற்று. செய்திப்படத்தின் குரலோ தனக்குப் பசியே இல்லாததுபோல் நடித்தது. முன்னம் என்னும் உறுப்பு அங்கே வேண்டுமென்றே அழிக்கப்பட்டது.

அரசாங்கங்கள் இக்குரலை எத்துணை இன்றியமையாததாகக் கருதின என்பதை ஓர் ஆங்கிலப் படத்தின் வரலாறு காட்டும். ஹம்பிறி ஜெனிங்ஸ், ஸ்ருவேட் மக்கலிஸ்டர் இருவரும் 1942இல் ஆக்கிய 'லிசன் டு பிரிட்டன்' என்ற குறும்படத்திற் பின்னணியுரை இல்லை. தொழிற்சாலை ஓசை, விமானத்தின் இரைச்சல், நண்பகல் இசையரங்கு, சிறுவர் ஆட்டம் ஆகியவற்றின் ஒலியைக் கொண்டே போர்க்காலத்து மக்கள் வாழ்வு காட்டப்படுகின்றது. இதனை மக்கள் விளங்கிக்கொள்வரோ என்று அதிகாரிகள் ஐயுற்றனர். விளைவாக, கனடா நாட்டவரான லெனாட் புறொக்கிங்ரன் என்பார் படத்தின் தொடக்கத்தில் தோன்றி விளக்கவுரை ஆற்றுமாறு செய்தனர். இன்று அப்படத்தைக் காண்போர் அம்முன்னுரையையே மிகையெனக் கருதுகின்றனர். பார்வையாளனே நிரப்பவேண்டிய எச்சத்தை அரசு தானே நிரப்ப முற்பட்டதன் விளைவு இது.

இத்தாலியிலே 1943ஆம் ஆண்டு இறுதியில் நிகழ்ந்த போரைப் பற்றி ஜோன் ஹியூஸ்டன் அமெரிக்கப் படையின் பொருட்டு ஆக்கிய 'சான் பியெட்ரோ' என்ற படம் இதற்கு மாறானது. பின்னணியுரை இயக்குநருடைய குரலிலேயே அமைந்தது. வெற்றி முழக்கம் அதில் இல்லை; கைப்பற்றிய நிலத்தின் அளவும் அதற்கு ஈடாக மாண்ட வீரரும் ஒரே தொனியிற் கூறப்படுகின்றனர். படையதிகாரிகள் பலர் இதனை வெளியிடத் தயங்கினர். தளபதி மார்ஷல் ஆதரித்தமையாலேயே அது வெளிவந்தது. அரசாங்கத்துக்காகப் பேசும் குரலும், பேசுபவர் களத்தில் நின்றவராயின், அரசாங்கம் விரும்பாததைக் கூறிவிடும் என்பதற்கு இப்படம் சான்று.

நம் நாட்டை நோக்குவோம். 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படம் போரைப் பற்றியதன்று. எனினும் பின்னணியுரையின் ஆற்றலை அறிவதற்கு அதனை விடுத்துச் செல்லுதல் இயலாது. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவோடு பேசில் ரைட் 1934ஆம் ஆண்டு இதனை ஆக்கினார். கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வெண்ட் படிக்கின்றார். மூன்றாம் பகுதியாகிய 'வாணிகத்தின் குரல்கள்' என்பதிலே, சந்தை விலையும் கப்பற்செய்தியும் கூறும் குரல்கள் உழைப்போர் காட்சிகளின் மேல் ஒன்றன்மேலொன்றாக ஒலிக்கின்றன. அவ்வொலிக் கோவை மிகத் திறமையானது; அதனை மறுப்பாரில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கைதியாயிருந்த ஆங்கிலேயருக்கு அப்படத்திற் குரல் உண்டு. கொழும்பு வணிகருக்குக் குரல் உண்டு. இலண்டன் சந்தைக்கும் குரல் உண்டு. தேயிலைச் சபை பொருளுதவிய அப்படத்திலே, தேயிலையைக் கொய்யும் கைகளுக்கு உரியவர் பேசும் உரை ஒன்றேனும் இல்லை. மலைநாட்டவர் திரையிற் காட்சியாகத் தோன்றலாம், கூற்றுக்குரியோராகத் தோன்றுவதில்லை என்ற வழக்கத்தின் தொடக்கத்தை இங்கே காண்கின்றோம்.

அரசின் குரலும் வணிகத்தின் குரலும் இவ்வாறாக, போரை வேறுவகையில் எடுத்துரைத்த படங்களும் பல உள. கிரிகோரி சுக்ராய் 1959இல் ஆக்கிய 'ஒரு போர்வீரனின் கதைப்பாடல்' என்னும் சோவியத்துப் படத்தின் தொடக்கத்திலே, ஊருக்கு வெளியே செல்லும் பாதையை நோக்கியவண்ணம் ஒரு தாய் நிற்கின்றாள். அவள் மகன் மீளமாட்டான் என்பதைப் பின்னணியுரை அப்போதே கூறிவிடுகின்றது. அதன்பின் வருவது, பத்தொன்பது வயதினனான அலியோஷா பகைவரின் இரு தாங்கிகளை அழித்தமைக்காகப் பதக்கத்துக்குப் பதில் விடுமுறை பெற்று, தாயின் வீட்டுக் கூரையைச் செப்பனிட வரும் பயணம். வழியிற் கண்டோர்க்கெல்லாம் உதவி, நாட்களை இழந்து, தாயைச் சில நிமிடமே கண்டு மீள்கின்றான். முடிவை முன்னரே அறிந்தமையால், அவன் சிரிக்குந்தோறும் நம் நெஞ்சு கனக்கின்றது. இக்குரல் செய்தி கூறுவதன்று. செய்தியை முன்வைத்து, பின்வரும் ஒவ்வொரு காட்சிக்கும் வேறு பொருள் தருகின்றது. காலம் என்னும் உறுப்பின் பயன் இதுவே.

வியத்நாம் போருக்குப் பின்னர் அமெரிக்கப் படங்களிற் குரல் வீரனுக்கே உரியதாயிற்று. கொப்போலாவின் 'அப்போகலிப்ஸ் நவ்' 1979இல் வெளிவந்தது. வியத்நாமிற் செய்தியாளராயிருந்த மைக்கல் ஹேர் அதன் பின்னணியுரையை எழுதினார். ஆற்று வழியே கொலைப்பணி மேற்கொண்டு செல்லும் படையதிகாரி, தன் களைப்பையும் வெறுப்பையும் தன்னோடு தானே பேசுகின்றான். டெரன்ஸ் மலிக்கின் 'தின் ரெட் லைன்' 1998இல் வந்தது. குவாடல்கனல் தீவுப் போரில் நின்ற வீரர் பலருடைய உள்ளக் குரல்கள் அதில் ஒலிக்கின்றன. எக்குரல் எவருடையது என்று துணிவது பலவிடத்து அரிது. முன்னம் மயங்குதல் குற்றமென நாம் முன்னர்க் கூறினோம். ஆயின் செய்திப்படத்தில் முகமிழந்த குரல் ஆணையிட்டது; மலிக்கின் படத்தில் முகமிழந்த குரல் வினாவுகின்றது. இவ்வேற்றுமை பெரிது. இருப்பினும் இவ்விரு படங்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. துன்புறும் வீரனின் அகத்தை நாம் நுணுகிக் கேட்கின்றோம். அவன் புகுந்த நாட்டு மக்களின் அகமோ நமக்குக் கேட்பதில்லை. அவர்கள் மரமும் புகையும் போலப் பின்னணியில் நிற்கின்றனர்.

உரை எழுதுவோர் எவ்வளவு கூறலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதற்கு இலக்கணமாகக் கூறத்தக்கது அலென் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' என்ற பிரெஞ்சுப் படம். 1955இல் ஆக்கப்பெற்ற இப்படம் 32 நிமிடமே ஓடும். நாஸிகளின் மௌதௌசன் முகாமைச் சார்ந்த சிறையிலிருந்து உயிர்தப்பிய ழான் கைரோல் என்னும் புலவர் இதற்கு உரை எழுதினார். புல் முளைத்துக் கிடக்கும் முகாம்கள் வண்ணத்திலும், பழைய ஆவணங்கள் கறுப்பு வெள்ளையிலும் மாறிமாறி வருகின்றன. குரல் அழுவதில்லை, உயர்வதுமில்லை. சில காட்சிகளின் முன்னே சொல் போதாது என்பதை உணர்ந்து அடங்கிவிடுகின்றது. துன்பத்தைத் தாமே அனுபவித்தவர் எழுதியும், 'யான் பட்டேன்' என்று கூறாது, இவற்றுக்குப் பொறுப்பானவர் எவர் என்னும் வினாவைப் பார்ப்போரிடமே விட்டுச் செல்கின்றது. அறிந்தவர் அடங்கிப் பேசுவதன் வலிமையை அங்கே காணலாம்.

இத்தகைய அடக்கம் நம் பழம்பாடல்களிலே நன்கு பயின்றது. பாரிமகளிர் பாடியதாகப் புறநானூற்றில் வரும் சிறுபாடல் ஐந்தடியே உடையது. முற்றுகையும் தந்தையின் மரணமும் நாட்டின் இழப்பும் அதற்குப் பொருள். ஆனால் களக்காட்சி ஒன்றும் அதில் இல்லை. சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் மட்டும் இரு பெண்கள் ஒப்பிடுகின்றனர். எஞ்சிய யாவும் எச்சம். தோற்றவர் பக்கத்துப் பெண்மக்கள் கூற்றாகப் போரைக் கூறும் மரபு தமிழில் இவ்வளவு தொன்மையானது.

மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்ற தமிழ்ப்படத்திலே இம்மரபின் சாயலைக் காணலாம். 2002இல் வெளிவந்த அப்படம் ஈழப்போரைப் பின்னணியாகக் கொண்டது. மாங்குளத்துப் பெண்ணொருத்தி கருவுற்ற நிலையிலே கடல்கடந்து அகதியாக இராமேசுவரத்தை அடைவதை முதலிற் காண்கின்றோம். அதன்பின் சென்னையிலே ஒன்பது வயதை எட்டும் அமுதா என்ற சிறுமி தன் குரலாலேயே தன்னையும் தன் குடும்பத்தையும் நமக்கு அறிமுகஞ் செய்கின்றாள். குரலின் குறும்பும் களிப்பும் கேட்போரை ஈர்க்கின்றன. எனினும், அவள் கதையின் முன்பகுதியை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் அக்களிப்பே நம்மை வருத்துகின்றது. கூறுவோரினும் கேட்போர் மிகுதியாக அறிந்திருக்கும் இந்நிலையைச் செய்திப்படக் குரலால் ஒருபோதும் உண்டாக்க இயலாது. படத்தின் பிற்பகுதியிலே களக்காட்சிகளின் ஆரவாரம் மிகுந்து, அச்சிறுமியின் பார்வை சில இடங்களில் மறைந்துபோகின்றது என்பதையும் கூறவேண்டும். தமிழகத்திலிருந்து நோக்கும் படமாதலின், போரின் உள்ளே வாழ்ந்தோருக்கு அது விருந்தினர் பேச்சாகவே தோன்றுதல் இயல்பு.

உள்ளிருந்து பேசிய குரலாக வந்தது ஜூட் இரத்தினத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. 2017ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவிலே சிறப்புக் காட்சியாக இடம்பெற்ற இவ்விவரணப்படத்தில், இயக்குநர் தம் சொந்தக் குரலிலே பேசுகின்றார். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஐந்து வயதுச் சிறுவனாகப் புகைவண்டியேறி வடக்கே தப்பிச் சென்றவர், அதே பாதையிலே மீளவும் பயணஞ் செய்கின்றார். தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமையோடு, தமிழ் இயக்கங்கள் தம்முள் ஒன்றையொன்று கொன்றழித்தமையும் அதிற் பேசப்படுகின்றது. 2018இல் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவிலே காட்டப்படவிருந்த இப்படம் எதிர்ப்புக் காரணமாக விலக்கப்பட்டது. படத்தின் அரசியல் முடிபுகளை ஏற்போரும் உளர், வெறுப்போரும் உளர். அரசின் வன்முறையினும் இயக்கங்களின் வன்முறைக்கே படம் மிகுதியான இடம் கொடுத்துவிட்டது என்று கூறுவோர் கருத்தைப் புறந்தள்ளுதல் தகாது. ஆயினும், பின்னணியுரையின் இலக்கணம் பற்றிய அளவில் ஒன்று உறுதி. இங்கே பேசுபவர் இன்னார் என்பது தெரியும். அவர் நின்ற இடம் தெரியும். அவர் அச்சமும் தெரியும். ஆகவே அவரோடு வாதிட நமக்கு இடமுண்டு. ஊரும் பேருமில்லாத குரலோடு எவரும் வாதிடல் இயலாது. அதனைக் கேட்டு அடங்குவதே அங்கு நிகழும். ஒரு குரலை மறுத்துரைக்க வாய்ப்பளிப்பதும் அக்குரலின் நேர்மையே.

இனி, நம் ஊவா மலைநாட்டவர் இவ்வாராய்ச்சியில் எங்கே நிற்கின்றனர்? போர் நமக்குத் தொலைவானதன்று. போயர் போரிற் பிடிபட்ட கைதிகள் 1900ஆம் ஆண்டு தியத்தலாவையிலே வைக்கப்பட்டனர். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற 'குவாய் நதிப் பாலம்' என்ற போர்ப்படம், நம் நாட்டிலே கித்துல்கலையிற் களனி ஆற்றின் மீது பாலம் அமைத்து எடுக்கப்பட்டது. அப்படத்திலே பாலம் கட்டுவோர் ஆங்கிலப் போர்க்கைதிகள். உண்மை வரலாற்றிலோ, 1942 முதல் 1943 வரை யப்பானியர் அமைத்த சயாம் பர்மா இருப்புப்பாதையில் மாண்ட கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர் அவர்களினும் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருட் பல்லாயிரவர். அவர்கள் நம் முன்னோரைப் போன்றே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகளாற் கப்பலேற்றப்பட்டோர் வழிவந்தவர். 1924இல் பதுளை வந்து சேர்ந்த நம் இருப்புப்பாதையும் அத்தகைய கைகளால் அமைந்ததே. அவ்வாறிருந்தும், தமிழர் வாழும் நாட்டிலே எடுத்த அப்படத்தில் மாண்ட தமிழருக்குக் குரலுமில்லை, உருவமுமில்லை.

ஈழப்போர் பற்றிய படங்களிலும் நிலை பெரிதும் வேறன்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும் 1983இன் பின்னும் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறின. லயத்தை விட்டுச் சென்ற அவர்கள் 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்திலும் அகப்பட்டு அழிந்தனர். பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலே, வன்னிக்குச் சென்ற உறவினர் பற்றிப் பேசாத லயங்கள் சிலவே. யான் பார்த்த போர்ப்படங்களுள் இவர்களுள் ஒருவரேனும் தம் கதையைத் தம் குரலிற் கூறியது ஒன்றுமில்லை.

இதற்குக் கூறும் மரபு நம்மிடம் இல்லாமை காரணமன்று. தோட்டங்களில் இரவு முழுதும் ஆடப்பெறும் பொன்னர் சங்கர் கூத்தினை நோக்குக. அதுவும் போர்க்கதையே. அதிற் கேட்போரை உருக்குவது அண்ணன்மாரின் வாள்வீச்சன்று. அவர் மாண்ட களத்தைத் தேடி வரும் தங்கையின் புலம்பலே. சஞ்சயன் அரசனுக்குக் கூறினான். பேய் காளிக்குக் கூறிற்று. தங்கையோ மாண்டவரையே விளித்துக் கூறுகின்றாள். கேட்போர் என்னும் உறுப்பு இங்கே எத்துணை ஆழம் பெறுகின்றது! பீட்டர் ஜாக்சன் 2018இல் ஆக்கிய முதலாம் உலகப் போர் பற்றிய படத்திலே, புறத்தே நின்று உரைப்பவர் எவருமில்லை. முன்னரே ஒலிப்பதிவு செய்து பேணப்பட்ட முதிய வீரர்களின் குரல்களே படம் முழுவதும் ஒலிக்கின்றன. அவை பேணப்பட்டிராவிடின் அப்படம் தோன்றியிராது.

அண்மையில் மேல்வகுப்பு மாணவர் சிலருக்குப் பழைய செய்திப்படத் துண்டொன்றை ஒலியின்றிக் காட்டி, அதற்கு உரை எழுதுமாறு பணித்தேன். பெரும்பாலோர் வானொலிச் செய்தியாளரின் தொனியையே மேற்கொண்டனர். ஒரு மாணவி மட்டும், திரையோரத்தில் ஒரு கணமே தோன்றி மறையும், தண்ணீர்க் குடம் ஏந்திய பெண்ணின் கூற்றாக எழுதியிருந்தாள். ஏனையோர் அப்பெண்ணைக் கண்டதேயில்லை என்றனர். மீண்டும் படத்தை ஓட்டிக் காட்டிய பின்னரே நம்பினர். ஒரு குரலைத் தேர்ந்துகொள்வது கண்ணையும் தேர்ந்துகொள்வதாகும் என்பதை அன்று அவ்வகுப்பு கற்றது.

ஆகவே, போர்ப்படத்துக்குப் பின்னணியுரை வேண்டுமோ வேண்டாமோ என்ற வாதம் முதன்மையானதன்று. பேசும் குரல் தன்னை இன்னாரெனக் காட்டுகின்றதா, காட்சி தர இயலாததைத் தருகின்றதா, கேட்போர் நிரப்புதற்கு எச்சம் விடுகின்றதா என்பனவே வினாக்கள். இவற்றுக்கு விடையளிக்கும் படங்களை நாம் போற்றுதல் வேண்டும். அவ்வளவோடு அமைதலும் தகாது. வன்னியிலிருந்து மீண்டு வந்து நம் தோட்டங்களில் வாழும் முதியோர் இன்னும் உளர். அவர்கள் பேச்சை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாணவர் கையிலுள்ள தொலைபேசியே போதும். அப்பணியை நம் கல்லூரித் தமிழ்மன்றங்கள் மேற்கொள்ளுமாயின், நாளை ஒருவர் இப்போரைப் படமாக்க முற்படும்போது, நம் மக்கள் காட்சியாக மட்டுமன்றிக் கூற்றாகவும் அதில் இடம்பெறுவர்.